குண்டு விழுந்ததா, போட்டார்களா?

போருக்குப் போய்த் திரும்பியவர்களும் போருக்குத் தப்பி ஓடிவந்தவர்களும் கவிதை எழுதுகிறார்கள், படம் எடுக்கிறார்கள். இதனால் இதுவரை ஒரு போராவது நின்றிருக்கிறதா, இல்லை இது அவர்கள் மனதை ஆற்றிக்கொள்ளும் வேலை மட்டும்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். எதிலிருந்து பார்க்கத் தொடங்கலாம் என்று கடைசியில் ஒரு வரியும் சேர்த்திருக்கிறீர்கள். கேள்வியில் கொஞ்சம் எரிச்சல் தெரிகிறது. அந்த எரிச்சல் எனக்கும் உண்டு. இதற்குள் இரண்டு கேள்விகள் இருப்பதாக நினைக்கிறேன். இவற்றால் போருக்கு ஏதாவது இடைஞ்சல் உண்டா என்பது ஒன்று. அழுகையையும் எதிர்ப்பையும் எதை வைத்துப் பிரிப்பது என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது, அதனால் அதில் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. இருபது ஆண்டுகளாகப் போர்க்கவிதைகளை மொழிபெயர்த்து வருகிறேன். நடுவில் சில ஆண்டுகள், முன்னாள் படைவீரர்களும் இடம்பெயர்ந்தவர்களும் ஒன்றாக உட்காரும் ஒரு சிறிய எழுத்துப் பட்டறையை நடத்தினேன். மருத்துவனும் இல்லை, வரலாற்றாசிரியனும் இல்லை. எனவே மனநோய் பற்றியோ படைத் தந்திரம் பற்றியோ நான் சொல்வதை ஒரு வாசகனின் பேச்சாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்விக்கு நேரடியான பதில்: தனியாக ஒரு கவிதையோ படமோ ஒரு போரை நிறுத்தியதாக எனக்குத் தெரிந்து எங்கும் இல்லை. வியட்நாம் போரைச் சொல்வார்கள். 1971 ஜனவரி கடைசியில் டெட்ராய்ட் நகரில் நூற்றுக்கும் மேற்பட்ட முன்னாள் படைவீரர்கள் மூன்று நாட்கள் கூடி, வியட்நாமில் தாங்கள் செய்ததையும் பார்த்ததையும் ஒலிவாங்கி முன்னால் உட்கார்ந்து சொன்னார்கள். அதைப் படம்பிடித்து 'வின்ட்டர் சோல்ஜர்' என்ற ஆவணப்படமாக 1972இல் வெளியிட்டார்கள். அதே ஆண்டு முன்னாள் வீரர்கள் சிலர் சேர்ந்து, தங்கள் கவிதைகளைப் போட வேறு பதிப்பகம் கிடைக்காமல், தாங்களே ஒரு பதிப்பகம் தொடங்கி ஒரு தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். ஆனால் அந்தப் போர் முடிந்ததற்கு வியட்நாமியர்கள் விடாமல் நின்றது, கட்டாய ஆள்சேர்ப்பின் மீதான கோபம், செலவு, தேர்தல் கணக்கு என்று எத்தனையோ காரணங்கள். இதில் கவிதையின் பங்கு இத்தனை பங்கு என்று பிரித்துச் சொல்பவரை நான் நம்பமாட்டேன்.

சரி, ஒன்றுக்கும் உதவாது என்றால் அதிகாரத்தில் இருப்பவர்கள் இவற்றோடு ஏன் இவ்வளவு மல்லுக்கட்டினார்கள்? இங்கே சந்தேகத்துக்கு இடமில்லாத ஆதாரங்கள் நிறைய இருக்கின்றன. எரிக் மரியா ரெமார்க் முதல் உலகப்போரில் காயம்பட்ட ஜெர்மன் சிப்பாய். 1929இல் வெளிவந்த அவருடைய போர் நாவலை மறு ஆண்டே அமெரிக்காவில் படமாக எடுத்தார்கள். 1930 டிசம்பரில் அது பெர்லினில் திரையிடப்பட்டபோது கோயபல்ஸின் ஆட்கள் அரங்குக்குள் நாற்றக் குண்டுகளை வீசினார்கள், வெள்ளை எலிகளை அவிழ்த்துவிட்டார்கள். சில நாட்களில் தணிக்கைக் குழு படத்தைத் தடை செய்தது. கவனியுங்கள், நாஜிகள் அப்போது ஆட்சிக்கே வரவில்லை. 1933இல் அவருடைய புத்தகங்களை எரித்தார்கள், 1938இல் குடியுரிமையைப் பறித்தார்கள், 1943இல் ஜெர்மனியிலேயே தங்கிவிட்ட அவருடைய தங்கை எல்ஃப்ரீடேவுக்குத் தலையை வெட்டி மரண தண்டனை கொடுத்தார்கள். போரைப் பற்றி நம்பிக்கையில்லாமல் பேசினார் என்பதுதான் குற்றம். படைவீரராக இருந்து அகதியான ஒருவர் எழுதிய கதைக்கு இவ்வளவு தூரம் துரத்தல்.

ஜனநாயக நாடுகளில் எலி விடமாட்டார்கள், வேறு வழி உண்டு. 1917 ஜூலையில் பிரிட்டிஷ் இராணுவ அதிகாரியும் கவிஞருமான சீக்ஃப்ரிட் சசூன், வீரப் பதக்கம் வாங்கியவர், இந்தப் போரை முடிக்கும் அதிகாரம் உள்ளவர்களே வேண்டுமென்று நீட்டிக்கிறார்கள் என்று ஒரு அறிக்கை எழுதினார். அது நாடாளுமன்றத்தில் வாசிக்கப்பட்டது. இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினால் அவர் பேசுவார், பத்திரிகைகள் எழுதும். அதனால் அவருக்கு நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி எடின்பரோ அருகே கிரெய்க்லாக்ஹார்ட் மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார்கள். சாட்சியை நோயாளியாக்கிவிட்டால் அவன் சொல்வதற்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை, அனுதாபப்பட்டால் போதும். இந்த உத்தி இன்றும் ஓய்வு பெறவில்லை. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் இயக்குநர் ஜான் ஹூஸ்டன், அப்போது அவரே இராணுவ அதிகாரி, மனம் உடைந்து திரும்பிய வீரர்களின் சிகிச்சையை 'லெட் தேர் பி லைட்' என்று படமாக்கினார். ஒரு சண்டைக் காட்சிகூட இல்லாத படம். எடுக்கச் சொன்ன இராணுவமே 1946இல் அதைப் பிடுங்கிப் பூட்டியது. பொதுமக்கள் பார்க்க 1980 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நோயாளிகளின் அந்தரங்கத்தைக் காப்பதாகக் காரணம் சொன்னார்கள்.

அப்படி என்னதான் இவற்றில் இருக்கிறது? இங்கேதான் இரண்டாவது கேள்வி வருகிறது. என் பட்டறையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பீரங்கிப் படையில் இருந்த ஒருவர் வருவார். ஐம்பது வயதைத் தாண்டியவர், கையெழுத்து அச்சடித்தது போல இருக்கும். முதல் வாரம் ஒரு பக்கம் எழுதி வந்தார். நடுவில் ஒரு வரி: "அந்தக் கிணற்றடியில் குண்டு விழுந்தது." மொழி நன்றாக இருந்தது, கிணறும் கயிறும் கண்முன் தெரிந்தன. நான் ஒரு மொழிபெயர்ப்பாளனின் புத்தியில், "யார் போட்ட குண்டு?" என்று கேட்டுவிட்டேன். வேறு மொழிக்குக் கொண்டுபோகும்போது எழுவாய் தேவைப்படும், அந்தப் பழக்கத்தில் கேட்டதுதான். அவர் என்னைப் பார்த்தார், தாளை மடித்துப் பையில் வைத்தார். இரண்டு வாரம் வரவில்லை. மூன்றாவது வாரம் வந்து அதே பக்கத்தை நீட்டினார். எல்லாம் அப்படியே இருந்தது. "விழுந்தது" மட்டும் அடிக்கப்பட்டு, மேலே சின்னதாக "போட்டேன்" என்று எழுதியிருந்தார்.

அதற்கப்புறம் போரைப் பற்றிய எதைப் படித்தாலும் வினைச்சொல்லைத்தான் முதலில் பார்க்கிறேன். செய்தித்தாளை எடுங்கள். குண்டு வெடித்தது, நகரம் வீழ்ந்தது, பதினான்கு பேர் பலி. எல்லாம் தானாக நடந்தது போல இருக்கும். அந்த 'பலி' என்ற சொல்லையே பாருங்கள். பலி என்றால் யாரோ யாருக்கோ கொடுப்பது. கொடுத்தவர் யார், வாங்கிக்கொண்டவர் யார் என்பது தலைப்பில் வராது. மழை பெய்வது போலப் போர் பெய்கிறது. போர் எதிர்ப்பு என்று நான் சொல்வது அந்த வாக்கியத்துக்குள் எழுவாயையும் செயப்படுபொருளையும் திரும்பக் கொண்டுவந்து உட்கார வைக்கும் எழுத்தை. அது இல்லாமல் எவ்வளவு உருக்கமாக எழுதினாலும் அது ஒப்பாரிதான். ஒப்பாரியைக் குறைவாகச் சொல்லவில்லை, ஆனால் ஒப்பாரியை அரசுகள் பெரும்பாலும் தடை செய்வதில்லை. பல நேரம் அரசே மேடை போட்டு, மலர்வளையம் வைத்து நடத்தும்.

முதல் உலகப்போரில் போரிட்ட பிரிட்டிஷ் கவிஞர் வில்ஃப்ரெட் ஓவனின் புகழ்பெற்ற விஷவாயுக் கவிதையை இந்தக் கண்ணோடு படித்துப் பாருங்கள். நாட்டுக்காகச் சாவது இனிது, பொருத்தமானது என்ற லத்தீன் வரியைத் தலைப்பாக வைத்து, கடைசியில் அதைப் பழைய பொய் என்கிறார். பாடப்புத்தகங்கள் அந்தக் கடைசி வரியோடு நின்றுவிடும். நடுவில் ஒரு இடம் இருக்கிறது: முகமூடியை நேரத்துக்கு மாட்டமுடியாமல் மூச்சுத்திணறும் அவனை நாங்கள் வண்டியில் தூக்கி எறிந்தோம் என்று வருகிறது. கிடத்தினோம் என்றில்லை, எறிந்தோம். அந்த 'நாங்கள்' ஒருபக்கம். இன்னொரு பக்கம் 'நீ' என்று ஒருவரை முகத்துக்கு நேரே கூப்பிடுகிறது கவிதை. கையெழுத்துப் பிரதியில் அந்த 'நீ' யார் என்று தெரியும். ஆள்சேர்ப்புப் பாட்டுகள் எழுதிப் பத்திரிகையில் புகழ்பெற்றிருந்த ஜெஸ்ஸி போப்புக்கு என்றுதான் முதலில் எழுதியிருந்தார். பிறகு அடித்துவிட்டார். நல்ல வேளை. பெயர் இருந்திருந்தால் அது ஒரு பெண்மணியோடு நடந்த சண்டையாக முடிந்திருக்கும். பெயர் போனதும் அந்த 'நீ' படிக்கிற நம் எல்லார் மேலும் வந்து விழுகிறது.

இதைத் தலைகீழாகச் செய்து காட்டியவர் ஈராக்கின் துன்யா மிக்காயில். பாக்தாதில் பத்திரிகை வேலை பார்த்தவர், 1990களின் நடுவில் மிரட்டலுக்குத் தப்பி அமெரிக்காவுக்குப் போனவர். அவருடைய பேர்பெற்ற ஒரு கவிதையில் எழுவாய் மனிதர் யாரும் இல்லை, போர்தான். போர் எவ்வளவு சுறுசுறுப்பு! அதிகாலையிலேயே அபாயச் சங்குகளை எழுப்புகிறது, ஆம்புலன்ஸ்களை அனுப்புகிறது, ஈக்களுக்குச் சாப்பாடு போடுகிறது, செயற்கைக் கால் செய்பவர்களுக்கு வேலை கொடுக்கிறது, வரலாற்றுப் புத்தகத்தில் பக்கங்கள் சேர்க்கிறது. ஆனாலும் அதைப் பாராட்டி ஒரு வார்த்தை சொல்வாரில்லை. நல்ல ஊழியருக்குக் கொடுக்கும் நற்சான்று மாதிரி நீள்கிறது. போர் தானாகவே நடக்கிறது என்று செய்திகள் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொண்டு, அதை அபத்தத்தின் எல்லைவரை இழுத்துக்கொண்டு போகிறார். சிரிப்பு வரும், சிரித்த பிறகு வாய் கசக்கும்.

படைவீரரின் எழுத்தில் ஒரு பெரிய ஓட்டை உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். எழுவாயாகத் தன்னை வைப்பதற்கே அவருக்கு அவ்வளவு பாடு என்பதால், செயப்படுபொருள் முகமில்லாமல் போய்விடுகிறது. 'நான் செய்தேன், நான் உடைந்தேன்' என்பதோடு கதை முடிந்துவிடும். யாரை என்பது மங்கலாகவே நிற்கும். வியட்நாம் போரைப் பற்றிய அமெரிக்கப் படங்களில் வியட்நாமியர்கள் புதருக்குள் ஓடுகிறார்கள், கத்துகிறார்கள், சாகிறார்கள். பெரும்பாலும் பெயரோடு ஒருவரும் வருவதில்லை. 1975இல் நான்கு வயதில் அகதியாக அமெரிக்கா போன எழுத்தாளர் வியட் தான் நுயென், சிறுவனாக 'அப்போகாலிப்ஸ் நௌ' பார்த்த அனுபவத்தைப் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். அமெரிக்க வீரர்களோடு ஒன்றிப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தாராம், படகில் வந்த வியட்நாமியர்களை அவர்கள் சுட்டுத் தள்ளும் காட்சி வரும்வரை. சுடுகிறவனா நான், சுடப்படுகிறவனா என்று அந்த இடத்தில் இரண்டாகப் பிளந்துபோனேன் என்கிறார். எழுவாய்க்கும் செயப்படுபொருளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு பத்து வயதுப் பையன். அகதிகள் ஏன் தாங்களே எழுத வேண்டியிருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது.

அரி ஃபோல்மனின் 'வால்ட்ஸ் வித் பஷீர்' (2008) என்ற அனிமேஷன் படம் இந்த ஓட்டையைத் தெரிந்தோ தெரியாமலோ தன் உள்ளேயே வைத்திருக்கிறது. 1982 லெபனான் போரில் இஸ்ரேலியச் சிப்பாயாக இருந்தவர் அவர். அந்த நாட்களே நினைவில் இல்லை என்பதிலிருந்து தொடங்கி, பழைய நண்பர்களைத் தேடிப்போய்ப் பேசுகிறார். மஞ்சள் வெளிச்சம் வானத்திலிருந்து இறங்க, இளைஞர்கள் கடலிலிருந்து எழுந்து வரும் காட்சி திரும்பத் திரும்ப வரும். அழகாக இருக்கும், ஏதோ கனவு என்று விட்டுவிடுவோம். அந்த வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்பதுதான் படம். சப்ரா, ஷத்தீலா முகாம்களில் பாலஸ்தீன அகதிகளை லெபனானியக் கிறிஸ்தவப் போராளிகள் கொன்ற இரவுகளில், அவர்களுக்கு வெளிச்சம் காட்ட வானில் ஒளிக்குண்டு சுட்டவர்கள் இஸ்ரேலியப் படையினர். வெளிச்சம் 'இறங்கவில்லை', 'சுட்டோம்'. கடைசி நிமிடத்தில் அனிமேஷன் நின்று நிஜப் படக்காட்சி வருகிறது, பெண்கள் கதறுகிறார்கள். அந்தக் கதறலுக்கு வசன மொழிபெயர்ப்பு போடவில்லை. படம் முழுக்கச் சிப்பாய்கள் பேசியது புரிந்தது, அவர்கள் சொல்வது மட்டும் சத்தமாக நின்றுவிட்டது. இந்தக் குறையைப் பலர் எழுதியிருக்கிறார்கள், எனக்கும் உடன்பாடுதான். ஆனால் 'சுட்டோம்' என்று சொல்ல ஒரு சிப்பாய் வேண்டியிருந்தது. அதை அந்தப் பெண்களால் செய்ய முடியாது.

அகதியின் சிக்கல் வேறு மாதிரி. அவர் வந்து இறங்கியவுடன் சொல்ல வேண்டிய முதல் கதையே ஒரு அதிகாரிக்குத்தான். எந்தத் தேதி, எந்த ஊர், எத்தனை பேர், ஏன் அன்றே புறப்படவில்லை. நினைவு நேர்க்கோட்டில் இருக்க வேண்டும், தேதி மாறினால் பொய்யர். வாழ்க்கையை ஒரு விண்ணப்பத்துக்கு ஏற்றபடி வெட்டிக் கொடுத்துவிட்டு, பிறகு பல ஆண்டுகள் அந்த வெட்டிய வடிவத்துக்குள்ளேயே வாழ வேண்டும். 2021இல் வந்த டேனிஷ் படம் 'ஃப்ளீ' இதையே மையமாக வைத்தது. ஆப்கானிஸ்தானிலிருந்து சிறுவனாகத் தப்பியவர், குடும்பத்தில் எல்லாரும் இறந்துவிட்டார்கள் என்று சொல்லியே புகலிடம் பெற்றிருந்தார். நெருங்கிய நண்பனிடம்கூடப் பல ஆண்டுகள் உண்மையைச் சொல்ல முடியவில்லை. படத்திலும் பெயர் மாற்றப்பட்டிருக்கிறது, முகம் அனிமேஷனில் மறைக்கப்பட்டிருக்கிறது. இந்தப் படங்கள் ஏன் இவ்வளவு தூரம் வரைபடத்தையும் பொம்மையையும் நாடுகின்றன என்று கேட்பவர்களுக்கு இதில் பாதிப் பதில் இருக்கிறது: முகத்தைக் காட்டினால் ஆபத்து. மீதிப் பதில், காட்டுவதற்குப் படமே இல்லை.

அந்த இரண்டாவது பதிலுக்கு உதாரணம் கம்போடிய இயக்குநர் ரிதி பான். 1964இல் கம்போடியத் தலைநகர் ப்னோம் பென்னில் பிறந்தவர். கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சியில் பெற்றோரையும் உறவினர்களையும் இழந்து, 1979இல் தாய்லாந்து முகாமுக்குத் தப்பி, பிறகு பிரான்சுக்குப் போனார். அந்த ஆண்டுகளின் காட்சிகள் என்று மிஞ்சியவை ஆட்சியாளர்கள் எடுத்த பிரச்சாரப் படங்கள்தான். சிரித்துக்கொண்டே மண் சுமக்கும் மக்கள். தன் வீட்டுக்காரர்களின் பசி எந்தப் படச்சுருளிலும் இல்லை. 2013இல் வந்த 'காணாமல் போன படம்' என்ற பொருள்படும் தன் படத்தில் களிமண்ணைக் கையில் எடுத்தார். கத்தி களிமண்ணைச் சீவுகிறது, ஒரு மனிதர் உருவாகிறார், அவருக்கு வெள்ளை உடை தீட்டப்படுகிறது. அது அப்பா. மிருகத்துக்குப் போடும் தீனியை உண்ணமாட்டேன் என்று சாப்பாட்டை நிறுத்திச் செத்துப்போனவர். பொம்மைகள் அசைவதே இல்லை. கேமராதான் நகர்கிறது. நாட்கள் போகப்போக விலா எலும்பு தெரிகிற பொம்மைகளாக மாறுகின்றன, நிறம் போய்க் கறுப்பாகின்றன. அதற்குப் பத்தாண்டு முன்னால், 2003இல், இவரே கெமர் ரூஜின் துவோல் ஸ்லெங் சித்திரவதைச் சிறையின் பழைய காவலர்களை அதே கட்டிடத்துக்குக் கூட்டிப்போய், அன்று செய்த வேலையைச் செய்துகாட்டச் சொல்லிப் படமெடுத்திருந்தார். காலியான அறையில் இல்லாத கைதிகளைப் பார்த்து ஒருவர் அதட்டுகிறார், இல்லாத தண்ணீரைக் கொடுக்கிறார், இல்லாத பூட்டைச் சரிபார்க்கிறார். வாயால் 'மேலிடத்து உத்தரவு' என்று சொல்லும் மனிதனின் கைகால்கள் மட்டும் தன்வினையில் பேசிவிடுகின்றன. செயப்படுபொருளாக இருந்தவர் எழுவாயைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தியதற்கு எனக்குத் தெரிந்த மிகத் துல்லியமான உதாரணம் இது.

ஒரு சிறிய விலகல். அகதிக் கவிதை என்றதும் இதெல்லாம் இருபதாம் நூற்றாண்டுச் சரக்கு என்று சிலர் நினைப்பதுண்டு. பாரி மகளிரின் புறநானூற்றுப் பாட்டு (112) நம் எல்லாருக்கும் பள்ளியிலேயே தெரியும்:

அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின்
எந்தையும் உடையேம்எம் குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவின்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே.

இதை வெறும் கையறுநிலையாகப் படித்துப் பழகிவிட்டோம். 'கொண்டார்' என்ற வினைக்கு எழுவாய் யார் என்று பாருங்கள். குன்று போனது என்றில்லை, வேந்தர் கொண்டார். அதுவும் 'வென்றெறி முரசின் வேந்தர்'. மூன்று பேர் சேர்ந்து ஒருவனை முற்றுகையிட்டு, வெல்ல முடியாமல் வஞ்சித்துக் கொன்றார்கள் என்பதால், இந்த வெற்றி முரசு இங்கே இகழ்ச்சி என்று பழைய உரைகாரரே குறித்துவைத்திருக்கிறார். ஐந்து வரி, வசை என்று ஒரு சொல் கிடையாது.

போராளியும் அகதியும் ஒரே உடம்பில் இருந்தால்? ரெமார்க்கைச் சொன்னேன். தமிழில் ஷோபாசக்தி இருக்கிறார். பதின்வயதில் விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இருந்து, வெளியேறி, பிரான்சில் புகலிடம் பெற்றவர். அவருடைய 'கொரில்லா' நாவல் அகதி விண்ணப்பத்தின் வடிவத்தில் தொடங்குவது தற்செயல் இல்லை. அதிகாரிக்குச் சொன்ன மொழியை எடுத்து அதே மொழியால் எல்லாரையும் குத்துகிறார், தன்னையும் விடாமல். 2015இல் கான் விழாவில் தங்கப்பனை வாங்கிய 'தீபன்' படத்தில் அவரே முன்னாள் போராளியாக நடித்தார். இயக்கியவர் பிரெஞ்சுக்காரரான ஜாக் ஓதியார். படத்தின் முதல் முக்கால் பங்கு அருமை; பொய்க் கடவுச்சீட்டுக்காக ஒன்றுசேர்ந்த மூன்று பேர் குடும்பமாக நடிக்க நடிக்க என்ன ஆகிறது என்பதை நிதானமாகப் பார்க்கிறது. கடைசியில் அந்த மனிதன் ஆயுதத்தை எடுத்ததும் சண்டைப் படமாகிவிடுகிறது. நான் பார்த்த அரங்கில் அந்த இடத்தில் விசில் கேட்டது.

அந்த விசில்தான் சினிமாவின் நிரந்தரத் தலைவலி. பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ரூஃபோ 1973இல் ஒரு பேட்டியில், உண்மையான போர் எதிர்ப்புப் படம் எதையும் தான் பார்த்ததில்லை, போரைப் பற்றி எடுத்தாலே அது போருக்குச் சாதகமாகத்தான் முடிகிறது என்ற பொருளில் சொன்னார். மிகைப்படுத்தல் என்று நினைத்தால், அமெரிக்க மரைன் படைவீரர் ஆன்டனி ஸ்வாஃபர்ட் எழுதியதைப் படியுங்கள். 1990இல் வளைகுடாவுக்குப் போகும் முன் அவருடைய படைப்பிரிவு மூன்று நாட்கள் வியட்நாம் படங்களாகப் போட்டுப் பார்த்து வெறியேற்றிக்கொண்டதாம். அவற்றில் ஒன்று 'பிளட்டூன்'. வியட்நாமில் போரிட்ட ஆலிவர் ஸ்டோன் போரின் அருவருப்பைக் காட்ட எடுத்த படம். எடுத்தவர் நினைத்தது ஒன்று, பார்த்தவர்கள் எடுத்துக்கொண்டது வேறொன்று. அதனால்தான் சண்டையே இல்லாத ஹூஸ்டன் படமும் அசையாத களிமண் பொம்மையும் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. அவற்றைப் பார்த்துவிட்டு யாரும் துப்பாக்கியைத் தொட்டுப் பார்க்க ஆசைப்படமாட்டார்கள். கவிதைக்கு இந்தச் சிக்கல் குறைவு, வெடிச்சத்தம் இல்லை என்பதால் இருக்கலாம். இது என் ஊகம்தான்.

மனதை ஆற்றிக்கொள்ளும் வேலைதானே என்றீர்கள். ஆற்றுகிறதா என்பது ஆளுக்கு ஆள் மாறுகிறது என்பதைத்தான் பட்டறையில் பார்த்தேன். எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கியவர்களும் உண்டு, எழுதத் தொடங்கியதால் தூக்கம் கெட்டவர்களும் உண்டு. பின்னவர்களை வற்புறுத்தி எழுதவைப்பது தவறு. ஆரம்பத்தில் அந்தத் தவறை நானே செய்திருக்கிறேன். ஆனால் ஆறுதலும் எதிர்ப்பும் ஒன்று என்று நினைப்பது இன்னும் பெரிய தவறு. ஓவன் கதையையே பாருங்கள். அவரையும் அதே கிரெய்க்லாக்ஹார்ட் மருத்துவமனையில்தான் சேர்த்திருந்தார்கள். ஏதாவது ஒரு வேலையில் ஈடுபட்டால் குணமாகும் என்று நம்பிய அவருடைய மருத்துவர், மருத்துவமனைப் பத்திரிகையை நடத்தும் பொறுப்பைக் கொடுத்தார். அங்கேதான் ஓவன் சசூனைச் சந்தித்தார். ஓவனுடைய ஒரு கவிதையின் தலைப்பில் 'இறந்த' இளைஞர் என்றிருந்ததைச் 'சாகவிருக்கிற' என்ற பொருளில் சசூன் மாற்றிக்கொடுத்தார். ஒரே சொல்லில் பழியின் காலமே மாறிவிட்டது. எழுத்து ஓவனைக் குணப்படுத்தியது. குணமானதால் போர்முனைக்குத் திரும்ப அனுப்பப்பட்டார், அங்கே வீரப் பதக்கத்துக்கும் தேர்வானார், 1918 நவம்பர் 4 அன்று ஒரு கால்வாய்க்கரையில் கொல்லப்பட்டார். ஒரு வாரம் கழித்து, போர் முடிந்ததென்று ஊரில் மணி அடித்துக்கொண்டிருந்த நாளில் தந்தி அவருடைய அம்மா கைக்கு வந்தது. ஆறுதலுக்காக எழுதியதா, எதிர்ப்புக்காக எழுதியதா என்று கேட்டால் இரண்டும்தான். ஆனால் ஆறுதலால் லாபம் அடைந்தது படைத்தலைமை. கவிதையால் யாருக்கு லாபம் என்பது இன்னும் முடியாத கணக்கு.

எதிலிருந்து தொடங்கலாம்? கவிதையில் யூசஃப் கொமுன்யாக்காவின் 'ஃபேஸிங் இட்' போதும், ஒரே பக்கம். வியட்நாம் போன கறுப்பின வீரர் அவர். வாஷிங்டனில் 1982இல் திறந்த நினைவுச்சுவரின் கறுப்புக் கல்லில் தன் முகம் கரைவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். பெயர்களில் தன் பெயரும் இருக்குமோ என்று தேடுகிறார். ஒரு பெண் பெயர்களை அழிக்கப் பார்க்கிறாளோ என்று கல்லின் பிரதிபலிப்பில் தோன்றுகிறது. இல்லை, ஒரு பையனின் தலையை வாரிவிடுகிறாள். படங்களில் களிமண் படத்தை முதலில் பாருங்கள், 'வால்ட்ஸ் வித் பஷீர்' அதற்கடுத்து. வரிசையை மாற்ற வேண்டாம். சிப்பாயின் குற்ற உணர்வை முதலில் பார்த்துவிட்டால் மனம் அவன் பக்கமே சாய்ந்துவிடும், பிறகு பொம்மைகளைப் பார்க்கப் பொறுமை இருக்காது. இரண்டையும் ஒரே நாளில் பார்க்காதீர்கள். கடைசி நிமிடத்தில் மொழிபெயர்க்கப்படாத அந்தக் கதறல் வரும்போது ஒலியைக் குறைக்காமல் இருங்கள்.